‘நேச்சுரல்’ என்பது எதற்கு அடைமொழி? டேனிங் லோஷன் பாட்டிலைத் திருப்பிப் படிப்பது எப்படி

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்வோம். வெயிலில் நிற்காமலே தோலுக்குப் பழுப்பு நிறம் தருகிற லோஷன் அது. செல்ஃப் டேனர், சன்லெஸ் டேனர் என்ற பெயர்களில் விற்கிறது. முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை, பக்கத்தில் பாதியாக உடைத்த தேங்காய், இரண்டு ராஸ்பெர்ரிப் பழம். “100% நேச்சுரல் டேன்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே “ஆர்கானிக் கற்றாழையுடன்”. இன்னும் கீழே “கெமிக்கல் இல்லாதது”. முன்பக்கத்தைப் படித்தால் இப்போதுதான் தோட்டத்தில் பறித்துவந்தது போல இருக்கும். பாட்டிலைத் திருப்பினால் எறும்பு அளவு எழுத்தில் இருபத்தைந்து, முப்பது பெயர்கள். வேதியியல் பரீட்சை ஞாபகத்துக்கு வரும்.

இதில் யாரும் அப்பட்டமாகப் பொய் சொல்கிறார்களா என்றால், பல நேரம் இல்லை. சிக்கலே அங்கேதான். “100% நேச்சுரல் டேன்” என்பதில் ‘நேச்சுரல்’ என்ற அடைமொழி ‘டேன்’ என்ற சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க இயல்பான நிறம் வரும் என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே இருப்பதெல்லாம் இயற்கைப் பொருள் என்று அந்த வரி சொல்லவே இல்லை. “ஆர்கானிக் கற்றாழையுடன்” என்பதில் ஆர்கானிக் என்ற பட்டம் கற்றாழைக்கு மட்டும்தான். பாட்டிலில் மீதி இருக்கும் இருபத்தைந்து பொருள்களைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. போய்க் கேட்டால், “நாங்கள் சொன்னது சரிதானே” என்பார்கள். சரிதான்.

ஆகவே இந்த விஷயத்தில் புதிதாக நுழைகிறவர் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: அடைமொழி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அப்படிப் பார்க்க வேண்டுமானால், பாட்டிலுக்குள் உண்மையில் வேலை செய்வது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

நம் தோலின் மேலடுக்கு உயிரில்லாதது. செத்த செல்கள் கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். தினமும் கொஞ்சம் உதிரும், அடியிலிருந்து புதிதாகக் கொஞ்சம் மேலே வரும். அந்தச் செல்களில் பெரும்பகுதி புரதம். புரதம் என்றால் அமினோ அமிலங்களின் சங்கிலி.

டேனிங் லோஷனின் முக்கியச் சரக்கு டைஹைட்ராக்சி அசிட்டோன் என்கிற ஒரு குட்டிச் சர்க்கரை. டீயில் போடுகிற சர்க்கரையின் மூலக்கூறில் 12 கார்பன் அணுக்கள் இருக்கின்றன என்றால் இதில் 3 மட்டுமே. சுருக்கமாக டி.எச்.ஏ. (மீன் எண்ணெய் மாத்திரையில் வரும் டி.எச்.ஏ. வேறு. பெயர்ச் சுருக்கம் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.) இந்தச் சர்க்கரை மேல்தோலின் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து மெலனாய்டின் என்கிற பழுப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. ரொட்டி சுடும்போது அதன் மேல்பாகம் பழுப்பாகிறதே, அதே குடும்பத்து வினை. 1912ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயாரின் பெயரால் அதை மயார் வினை என்கிறார்கள். ரொட்டிக்கு அடுப்புச் சூடு வேண்டும். டி.எச்.ஏ. துடிப்பான சர்க்கரை, அதற்கு உடம்புச் சூடே போதும்.

பூசிய இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் தலைகாட்டும். ஒரு நாள் போல ஏறிக்கொண்டே போகும். அப்புறம் செத்த செல்கள் உதிர உதிர, சுமார் ஒரு வாரத்தில் மறைந்துவிடும். முழங்கை, முழங்கால், கணுக்கால் போன்ற இடங்களில் மேலடுக்கு தடிமன் என்பதால் அங்கே மட்டும் கூடுதலாகக் கறுத்துத் திட்டாகத் தெரியும். லோஷன் பூசியவரிடமிருந்து லேசாகத் தீய்ந்த ரொட்டி போன்ற ஒரு வாடை வருமே, அதுவும் இந்த வினையின் உபயம்தான்.

சில விளம்பரங்கள் “வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாவது போல இயற்கையான செயல்” என்று எழுதுகின்றன. ஆப்பிள் பழுப்பாவது நொதி ஒன்று காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்கிற வேலை; வேறு கதை. உவமை தப்பாகப் போனாலும் ஆப்பிள் படம் போட்டால் பாட்டில் அழகாக இருக்கிறது போலும். “உடலின் சொந்த நிறமியைத் தட்டி எழுப்புகிறது” என்ற வரியும் அப்படித்தான். வெயிலில் தோல் கறுப்பது மெலனின் என்கிற நிறமியால். டி.எச்.ஏ. உண்டாக்குவது மெலனின் இல்லை. அது மெலனின் உற்பத்தியின் பக்கமே போவதில்லை.

இந்தக் குணம் கண்டுபிடிக்கப்பட்ட இடமும் தோட்டம் இல்லை, மருத்துவமனை. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், உடல் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜெனைச் சேமிப்பதில் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு டி.எச்.ஏ. கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் துப்பியும் சிந்தியும் வைத்த இடங்களில் சில மணி நேரம் கழித்துத் தோலில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. துணியில் கறை இல்லை, தோலில் மட்டும்தான். அவர் தன் கையிலேயே பூசிப் பார்த்தார். 1960 வாக்கில் இந்தச் சரக்கை வைத்து முதல் லோஷன்கள் கடைக்கு வந்துவிட்டன. இன்று கிடைக்கும் டேனர்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதே டி.எச்.ஏ.தான் அச்சாணி. ‘இயற்கை’ என்று விற்பதிலும் அதுதான், அப்படிச் சொல்லாமல் விற்பதிலும் அதுதான்.

ராஸ்பெர்ரியிலிருந்து, கரும்பிலிருந்து…

“எங்கள் டி.எச்.ஏ. கரும்பிலிருந்து வருகிறது”, “பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுத்தது” என்ற வாசகங்களை அடிக்கடி பார்க்கலாம். கேட்டதும் மனதில் என்ன படம் ஓடுகிறது? கிழங்கை நசுக்கிச் சாறு எடுத்துப் பாட்டிலில் ஊற்றுகிற படம். நடப்பது அப்படி இல்லை. வணிக அளவில் டி.எச்.ஏ. செய்யும் வழக்கமான முறையில் தொடக்கப் பொருள் கிளிசரின். அதைக் குளுக்கோனோபாக்டர் என்கிற பாக்டீரியாவிடம் பெரிய தொட்டிகளில் கொடுத்துக் காற்று செலுத்துவார்கள். பாக்டீரியா அதை டி.எச்.ஏ.வாக மாற்றும். பிறகு வடிகட்டி, சுத்திகரித்து, வெள்ளைப் பொடியாக எடுப்பார்கள். பாக்டீரியாவால் இது முடியும் என்பது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தெரிந்த சங்கதி.

நொதிக்கவைத்துச் செய்கிற முறை என்பதால் அதை இயற்கை என்று சொல்ல ஒருவருக்கு நியாயம் இருக்கலாம். நான் அதில் சண்டைக்குப் போகமாட்டேன். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், பெட்ரோலியத்திலிருந்தும் வரலாம்; அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் பொடியாகி வந்த பிறகு அந்த மூலக்கூறில் கரும்பின் அடையாளமும் இல்லை, கிழங்கின் அடையாளமும் இல்லை. எந்த ஊர்க் கிளிசரினிலிருந்து பிறந்தாலும் டி.எச்.ஏ. டி.எச்.ஏ.தான். தோல் அதன் ஜாதகத்தைப் பார்த்து நிறம் தருவதில்லை. “இயற்கை டி.எச்.ஏ. என்பதால் ஆரஞ்சு நிறமாகாது” என்ற வரி இங்கேதான் உடைகிறது. ஆரஞ்சாகத் தெரிவது எத்தனை சதவீதம் போட்டார்கள், தோல் எவ்வளவு வறண்டிருக்கிறது, அடியில் இருக்கும் இயல்பான நிறம் என்ன, எத்தனை தடவை பூசினார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது.

ராஸ்பெர்ரி கதை இன்னும் சுவாரசியமானது. பல டேனர்களில் டி.எச்.ஏ.வோடு எரித்ருலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இருக்கும். 4 கார்பன் கொண்டது. மெதுவாக நிறம் தரும், கொஞ்சம் சிவப்பு சாயலாக இருக்கும், தனியாகப் போட்டால் சீக்கிரம் மங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் நிறம் சீராக வருகிறது என்பதால் சேர்க்கிறார்கள். இந்த எரித்ருலோஸ் சிவப்பு ராஸ்பெர்ரியில் இயல்பாகவே இருக்கிறது, உண்மை. ஆனால் லோஷனுக்குள் போகும் எரித்ருலோஸும் வழக்கமாக அதே குளுக்கோனோபாக்டர் தொட்டியிலிருந்து, எரித்ரிட்டால் என்ற பொருளை நொதிக்கவைத்து வருவது. “ராஸ்பெர்ரியில் காணப்படும்” என்பதும் “ராஸ்பெர்ரியிலிருந்து எடுத்த” என்பதும் ஒன்றில்லை. முதல் வாசகத்தை எழுதிவிட்டு, பக்கத்தில் பழத்தின் படத்தைப் போட்டுவிட்டால், இரண்டாவது வாசகத்தை வாங்குகிறவரே மனதுக்குள் எழுதிக்கொள்வார்.

“டி.எச்.ஏ. இல்லாத இயற்கை டேன்” என்று பார்த்தால் உடனே பின்பக்கத்தில் எரித்ருலோஸைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் நிறம் தருவது கேரமல், கோகோ, இரும்பு ஆக்சைடு போன்ற ஏதோ ஒன்றாக இருக்கும். அவை தோலின் மேல் உட்காரும் மேக்கப். சோப்புப் போட்டுக் குளித்தால் போய்விடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஒரு நாளுக்கு அது போதும் என்கிறவர்களுக்கு நல்லதுதான். ஒரு வாரம் நிற்கும் என்று சொன்னால்தான் கேள்வி வரும்.

வால்நட் ஓட்டின் சாறும் அடிக்கடி முன்பக்கத்தில் இடம்பிடிக்கும். வால்நட்டின் பச்சை மேல்தோலில் உள்ள ஜக்லோன் தோலில் கறை ஏற்றக்கூடியது, மருதாணியில் இருக்கும் லாசோனுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் பட்டியலின் வாலில் துளியாக நிற்கும் வால்நட் சாறு, அதே பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் டி.எச்.ஏ.வின் வேலையைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது.

‘ஆர்கானிக்’ என்ற ஒரு சொல், பல வேலைகள்

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் ஆர்கானிக் என்ற சொல்லுக்கு வேதியியலில் ஒரு பொருள், விவசாயத்தில் இன்னொரு பொருள். தமிழில் வேதியியலுக்குக் ‘கரிம’ என்று தனிச்சொல், விவசாயத்துக்கு ‘இயற்கை வேளாண்மை’ என்று தனிச்சொல். கார்பன் சேர்மம் என்ற கணக்கில் பார்த்தால் டி.எச்.ஏ. ஆர்கானிக்தான்; பெட்ரோலும் ஆர்கானிக்தான். அந்தப் பொருளை யாரும் பாட்டிலில் எழுதமாட்டார்கள் என்று நினைக்கலாம். ஆனால் விற்பனைப் பேச்சில் இந்த இரண்டையும் குழப்பி, “அதுவே ஒரு ஆர்கானிக் மூலக்கூறு” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘கரிம மூலக்கூறு’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், மயக்கம் தெளிந்துவிடும்.

விவசாயப் பொருளில் ஆர்கானிக் என்றால், செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் தவிர்த்த முறைப்படி வளர்த்தது என்று ஒரு தரச்சான்று அமைப்பு சரிபார்த்தது. வளர்கிற பொருளுக்குத்தான் அது பொருந்தும். கற்றாழைக்குப் பொருந்தும், தேங்காய் எண்ணெய்க்குப் பொருந்தும். தண்ணீருக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அழகுசாதனப் பொருள்களுக்கு ‘நேச்சுரல்’ என்றோ ‘ஆர்கானிக்’ என்றோ ஒரு வரையறை வைத்திருக்கவில்லை. ஆர்கானிக் என்ற சொல்லைக் கட்டுப்படுத்துவது விவசாயத் துறை. அதன் விதிப்படி, தண்ணீரையும் உப்பையும் கழித்துவிட்டு மிச்சத்தில் 95 சதவீதம் ஆர்கானிக் என்றால்தான் பொருளை ‘ஆர்கானிக்’ என்று அழைத்து அந்தத் துறையின் வட்ட முத்திரையைப் போடலாம். 70 சதவீதம் இருந்தால் ‘ஆர்கானிக் பொருள்களால் செய்தது’ என்று சொல்லலாம், முத்திரை கிடையாது. அதற்கும் கீழே என்றால் பின்பக்கப் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்குப் பக்கத்தில் குறிப்பிடலாம், அவ்வளவுதான். இது அந்தச் சான்றிதழ் வழியில் போகிறவர்களுக்கான கதை. ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கு அந்த அளவு வேலிகூட இல்லை.

ஐரோப்பாவில் புழங்கும் காஸ்மாஸ் தரம் வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. பூசி அப்படியே விடுகிற பொருள் ‘காஸ்மாஸ் ஆர்கானிக்’ ஆக வேண்டுமானால், அரைத்தல், பிழிதல் போன்ற எளிய முறையில் பதப்படுத்திய விவசாயப் பொருள்களில் 95 சதவீதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். மொத்த எடையில் ஆர்கானிக் பங்கு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். இருபதா என்று முகம் சுளிக்க வேண்டாம். லோஷனில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீருக்கு ஆர்கானிக் பட்டம் கிடையாது, ஆகவே கணக்கு அப்படித்தான் வரும். எனக்கு இந்தத் தரத்தின் மேல் மரியாதை உண்டு. முழுமையானது என்பதற்காக இல்லை, எண்ணை வெளியே சொல்கிறது என்பதற்காக.

98 சதவீதம் இயற்கை, அதில் தண்ணீர் எவ்வளவு?

“98% இயற்கை மூலம்” என்ற வகை எண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 16128 என்ற கணக்கு முறை இருக்கும். 2016, 2017ல் இரண்டு பாகமாக வந்தது. இதில் தண்ணீர் முழு இயற்கைப் பொருளாகக் கணக்கில் சேரும். வேதிமுறையில் மாற்றிய பொருளும், அதன் மூலக்கூறில் பாதிக்கு மேல் இயற்கை மூலத்திலிருந்து வந்திருந்தால், தன் பங்கின் அளவுக்குக் கணக்கில் நுழையும்.

ஒரு கற்பனை லோஷனை வைத்துப் பார்ப்போம். 100 கிராமில் 76 கிராம் தண்ணீர். மீதி 24 கிராமில் 20 கிராம் இயற்கை மூலம், 4 கிராம் முழுச் செயற்கை. தண்ணீரோடு கணக்குப் போட்டால் 96 சதவீதம் இயற்கை. தண்ணீரைக் கழித்துவிட்டால் 24ல் 20, அதாவது 83 சதவீதம். இரண்டுமே ஒரே பாட்டில்தான். முன்பக்கத்தில் எந்த எண் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், விளம்பரத்தில் எப்படிச் சொல்லலாம், லேபிளில் என்ன எழுதலாம் என்பதெல்லாம் தன் வரம்புக்குள் வராது என்று அந்தத் தர ஆவணமே சொல்கிறது. அந்தக் கணக்கிலிருந்து பிறந்த எண்தான் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிற்கிறது.

கற்றாழையிலும் ஒரு வித்தை உண்டு. கற்றாழைச் சாற்றை 200 மடங்கு செறிவூட்டிய பொடியாக விற்கிறார்கள். 1 கிராம் பொடியை 199 கிராம் தண்ணீரில் கலந்தால் 200 கிராம் ‘கற்றாழைச் சாறு’. இதைப் பட்டியலின் முதல் இடத்தில் போட்டு, “எங்கள் லோஷனில் தண்ணீரே இல்லை, கற்றாழைதான்” என்று சொல்ல முடிகிறது. நல்ல தரச்சான்று அமைப்புகள் இந்தத் தண்ணீரைப் பிரித்துக் கணக்கெடுக்கும். சான்று இல்லாத பாட்டிலில் அதைப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை.

பின்பக்கத்தைப் படிப்போம்

இப்போது பாட்டிலைத் திருப்பலாம். இது எந்த நிறுவனத்துடையதும் அல்ல; பல லேபிள்களைப் பார்த்த பழக்கத்தில் நானே எழுதிய மாதிரி. அக்வா, டைஹைட்ராக்சி அசிட்டோன், கிளிசரின், கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு, செட்டரில் ஆல்கஹால், எரித்ருலோஸ், டைமெத்திகோன், ஃபினாக்சி எத்தனால், அலோ பார்படென்சிஸ் இலைச் சாறு (பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி), கோகோஸ் நூசிஃபெரா எண்ணெய் (நட்சத்திரக் குறி), ஜக்லான்ஸ் ரீஜியா ஓட்டுச் சாறு, சிட்ரிக் அமிலம், பர்ஃபம், லிமோனீன், லினலூல், கேரமல். கீழே பொடி எழுத்தில்: நட்சத்திரக் குறியிட்டவை ஆர்கானிக்.

விதி இதுதான்: அதிகமாக இருப்பது முதலில், குறைவாக இருப்பது கடைசியில். 1 சதவீதமும் அதற்குக் கீழும் வந்துவிட்டால் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். நிறமிகளைக் கடைசியில் போடலாம். இந்த விதிக்குள்ளேயே ஒரு சாவி இருக்கிறது. ஃபினாக்சி எத்தனால் என்பது கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். ஐரோப்பாவில் அதற்கு உச்சவரம்பு 1 சதவீதம். ஆகவே பட்டியலில் ஃபினாக்சி எத்தனாலுக்கு அப்புறம் வருகிற எதுவும் அநேகமாக 1 சதவீதத்துக்கு மேல் இருக்காது. அந்தப் பெயரில் விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் பாருங்கள். முன்பக்கங்களில் இடம்பிடிக்கும் கற்றாழை (அலோ பார்படென்சிஸ்), தேங்காய் (கோகோஸ் நூசிஃபெரா), வால்நட் (ஜக்லான்ஸ் ரீஜியா) மூன்றுமே விரலுக்குக் கீழேதான் இருக்கின்றன. நட்சத்திரக் குறி இரண்டும் அங்கேதான்.

அக்வா என்பது தண்ணீர். லத்தீனில் எழுதினால் கொஞ்சம் மினுக்காக இருக்கிறது. கோகோஸ் நூசிஃபெரா தேங்காய்தான். இந்தப் பெயர்களை மறைப்பதற்காக அப்படி எழுதுகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம், உலகம் முழுக்க ஒரே பெயர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. டைமெத்திகோன் சிலிக்கோன் வகை, பரிசோதனைக்கூடத்தில் செய்வது. வழுவழுவென்று பரவ உதவும். அது இருப்பதால் லோஷன் கெட்டது என்று ஆகாது. ஆனால் அது இருக்கிற பாட்டிலில் ‘முழுக்க இயற்கை’ என்று எழுதக் கூடாது.

அப்படி எழுதியவர்கள் மாட்டியும் இருக்கிறார்கள். 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ‘ஆல் நேச்சுரல்’, ‘100% நேச்சுரல்’ என்று விற்ற சில தோல், கூந்தல், சன்ஸ்கிரீன் தயாரிப்பாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. நான்கு நிறுவனங்கள் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டன. கலிபோர்னியா நேச்சுரல் என்ற ஐந்தாவது நிறுவனத்தின் மேல் வழக்கு நடந்தது. ‘ஆல் நேச்சுரல்’ என்று அது விற்ற சன்ஸ்கிரீனில் 8 சதவீதம் டைமெத்திகோன் இருந்தது. 2019ல் ட்ரூலி ஆர்கானிக் என்ற நிறுவனம், பெயரிலேயே ஆர்கானிக்கை வைத்துக்கொண்டு பொய்யாக ‘சான்று பெற்ற ஆர்கானிக்’ என்று விற்றதாக அதே ஆணையம் குற்றம் சாட்ட, 17 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெயரும் ஒரு அடைமொழிதான் என்பதற்கு நல்ல உதாரணம்.

‘கெமிக்கல் இல்லாதது’ என்ற வரிக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். தண்ணீரும் கெமிக்கல்தான். ‘பாரபென் இல்லை’, ‘ப்ரிசர்வேட்டிவ் இல்லை’ என்பவை கொஞ்சம் நுட்பமானவை. (ப்ரிசர்வேட்டிவ் என்றால் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள், பாரபென் அதில் ஒரு வகை.) தண்ணீர் அதிகமுள்ள பொருளில் கிருமி வளராமல் ஏதோ ஒன்று தடுத்தாக வேண்டும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று வந்திருக்கும். அது எது என்று பட்டியலில் தேடுங்கள். எதுவுமே இல்லையென்றால்தான் எனக்குப் பயம்.

இயற்கை என்றால் பத்திரமா

எதிர்ப்பக்கமும் ஒரு மிகைப்படுத்தல் நடக்கிறது. டி.எச்.ஏ. விஷம், ஆகவே இயற்கை டேனருக்கு மாறுங்கள் என்கிறார்கள். (மாறினால் அதிலும் டி.எச்.ஏ.தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.) மேலே பூசுவதற்கு அமெரிக்கா இதைப் பல பத்தாண்டுகளாக அனுமதித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் செல்ஃப் டேனருக்கு 10 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. அமெரிக்க அனுமதி மேல்பூச்சுக்கு மட்டும்தான். கண்ணைச் சுற்றி, உதட்டில், மூக்கு வாய் உட்புறம் போன்ற ஈரச் சவ்வுகளில் படக் கூடாது. ஸ்ப்ரே கூண்டுக்குள் நின்று அடிக்கும்போது இது கஷ்டம். அதனால் கண், உதடு, மூக்கை மூடிக்கொள்ளவும், புகை போல வருவதை உள்ளிழுக்காமல் இருக்கவும் சொல்கிறார்கள். ‘ஆர்கானிக் ஸ்ப்ரே டேன்’ என்று பலகை மாட்டியிருந்தாலும் இதில் ஒன்றும் மாறாது. நுரையீரலுக்குக் கரும்பும் தெரியாது, பெட்ரோலியமும் தெரியாது.

இயற்கையானதே தொந்தரவு கொடுப்பதும் உண்டு. மாதிரிப் பட்டியலின் கடைசியில் லிமோனீன், லினலூல் என்று இரண்டு பெயர் வந்ததே, அவை எலுமிச்சை வகைப் பழத்தோல், லாவெண்டர் போன்றவற்றின் எண்ணெய்களில் இயல்பாக இருப்பவை. காற்றுப்பட்டுப் பழசானால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். அதனால்தான் ஐரோப்பிய விதி அவற்றைப் பெயர் சொல்லி எழுத வைக்கிறது. இயற்கை என்று விற்கும் டேனர்களில் அந்த ரொட்டி வாடையை மறைக்க இத்தகைய எண்ணெய்கள் தாராளமாகச் சேர்வதைப் பார்க்கலாம். தோல் சீக்கிரம் அரிக்கிறவர்கள் இலைப் படத்தைப் பார்த்து நிம்மதியடையாமல் முழங்கை மடிப்பில் துளி பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

இதைவிட மோசமான உதாரணம் டேனிங் மாத்திரை. அதில் இருப்பது காந்தாசாந்தின் என்ற நிறமி. சில காளான்களில் இருக்கிறது, ஃபிளமிங்கோவின் இறகில் இருக்கிறது. இயற்கைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? உணவுக்கு நிறம் ஏற்றத் துளியளவு சேர்க்க அமெரிக்காவில் அனுமதியும் உண்டு. ஆனால் தோல் நிறம் மாறுகிற அளவுக்கு மாத்திரையாக விழுங்கியவர்களின் விழித்திரையில் மஞ்சள் படிகங்கள் படிந்தது பதிவாகியிருக்கிறது. டேனிங்குக்கு அந்த மாத்திரையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதிக்கவில்லை.

இன்னொன்று, இது இயற்கைக்கும் செயற்கைக்கும் பொதுவானது. ‘இயற்கையான பழுப்பு’ என்றதும், வெயிலில் கறுத்த தோல் போல இதுவும் வெயிலைத் தாங்கும் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். தாங்காது. சன்ஸ்கிரீன் சேர்க்காத டேனிங் பொருளில், இது வெயில் எரிச்சலிலிருந்து காக்காது என்ற எச்சரிக்கையை அச்சிட அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முன்பக்கத்தில் தங்க நிறச் சூரியன் இருக்கும், அந்த எச்சரிக்கை எங்கே இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

சான்று யாருடையது

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். இதில் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். “ஈகோசெர்ட் சான்று பெற்ற டி.எச்.ஏ.” என்று ஒரு வரி இருக்கும். ஈகோசெர்ட் பிரான்சில் தொடங்கிய, பெயர்பெற்ற தரச்சான்று அமைப்பு. அதில் குறை இல்லை. ஆனால் அந்த வரியை நம் பழைய கேள்வியால் தட்டிப் பாருங்கள். சான்று எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? டி.எச்.ஏ. என்ற மூலப்பொருள் மேல். அதுவும் பெரும்பாலும், இயற்கை அல்லது ஆர்கானிக் தயாரிப்பில் இதைச் சேர்க்கலாம் என்ற ஒப்புதல்தான். மூலப்பொருளை ஒரு நிறுவனம் செய்கிறது, லோஷனை இன்னொரு நிறுவனம் செய்கிறது. சான்று வாங்கியது முதல் நிறுவனம், மார்தட்டுவது இரண்டாவது.

விற்கிறவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடலாம்: “சான்று இந்த லோஷனுக்கா, அதில் சேர்த்த பொருளுக்கா? லோஷனுக்கு என்றால் எந்த அமைப்பு கொடுத்தது, எண் என்ன?” உண்மையான சான்று உள்ளவர் அமைப்பின் பெயரையும் எண்ணையும் அதே நாளில் அனுப்புவார். அந்த அமைப்பின் தளத்தில் பொருளின் பெயரைத் தேடினால் கிடைக்கும். “எங்கள் மூலப்பொருள்கள் அனைத்தும் உயர்தரச் சான்று பெற்ற இடங்களிலிருந்து வருகின்றன, இயற்கையின் மீது எங்களுக்கு…” என்று பதில் நீண்டுகொண்டே போனால், லோஷனுக்குச் சான்று இல்லை.